பூக்காத இரும்பு

"எத்தனை டன் வேணும்?"

செம்புதாஸ் தெருவில் அன்று நான் ஏறிய நான்காவது கடை அது. மண்ணடியில் இறங்கி, தலைச்சுமைக்காரர்களுக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கும் வழிவிட்டு வழிவிட்டு நடந்ததில் துப்பட்டாவின் ஒரு முனையில் கிரீஸ் ஏறியிருந்தது. கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். என் பதில்தான் நியாயமாக இல்லை.

"நூத்தம்பது கிலோ."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த பையன்தான் சிரித்தான். "கார்பன் ஸ்டீல், ஒரு எம்எம், சி எழுபத்தஞ்சு. கோல்டு ரோல்டு, அனீல் பண்ணது. சர்ட்டிபிகேட்டோட வேணும்" என்று நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். "அப்பா வரலையாம்மா?" என்றார். வரவில்லை என்றேன். "ஒரு எம்எம்ல எம்எஸ் தகடு எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். நீ கேக்குறது காயிலாத்தான் வரும். மூணு டன், அஞ்சு டன். பிரிச்சு வித்தா மிச்சத்த நான் யாருக்கு விப்பேன்?"

சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது.

*

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டி புதுக்கோட்டை சாலையில் வந்தால் மாத்தூர். பேருந்தில் போகிறவர்களுக்கு அது திருச்சியின் வால் மாதிரித் தெரியும். ஆனால் மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே சிட்கோ தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு ஷெட். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஷெட்டுக்குள் ஒரே முதலாளிதான், திருவெறும்பூர் பெல். 1965லிருந்து கொதிகலன் செய்கிற அந்த ஆலையை நம்பி துவாக்குடியிலும் மாத்தூரிலும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. அங்கிருந்து வரைபடமும் இரும்பும் வரும். நாங்கள் வெட்டுவோம், வளைப்போம், வெல்டு வைப்போம், திருப்பி அனுப்புவோம். இரும்பை எங்கே வாங்குவது என்ற கவலையே அப்பாவுக்கு முப்பது வருடம் இருந்ததில்லை. லாரியில் வந்து இறங்குகிற பொருளுக்கு யார் விலாசம் தேடுவார்கள்?

பிறகு புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தன. மாத்தூரில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தபோது எங்கள் ஷெட்டில் இரண்டு பேர், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு பழைய லேத், ஒரு நாய் மிச்சம்.

பிளேடு தொழில் தற்செயலாக வந்தது. சிப்ஸ், மிக்சர் பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனியில் அப்பாவின் பழைய ஃபோர்மேன் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டின் மேல் விளிம்பைப் பார்த்திருப்பீர்கள், பல் பல்லாக இருக்கும். அந்தப் பல்லை வெட்டுவது ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கத்தி. சூடான இரண்டு தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை வெளியே வந்து உள்ளே போகும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின், கத்தியும் அங்கிருந்தேதான். "ஒண்ணு மூவாயிரத்தத் தொடுதுப்பா, அதுவும் ஆறு வாரம் ஆவுது. நீ செஞ்சு பாரேன்" என்றார்.

அப்பா யோசிக்கவே இல்லை. புதுக்கோட்டையில் தெரிந்த ஒரு மர அறுவை மில்லுக்குப் போய், தேய்ந்துபோன பேண்ட்சா பிளேடு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மரம் அறுக்கிற பட்டை நல்ல எஃகு. நம் ஊர்ப் பக்கம் கசாப்புக் கடையில், மீன் கடையில் கைப்பிடியில் துணி சுற்றிய கத்தி பார்த்தால் பாதிக்குப் பாதி மில் பட்டையாகத்தான் இருக்கும். லாரி கமான் பட்டையில் அருவாள், அறுவை மில் பட்டையில் கத்தி, தேய்ந்த அரத்தில் உளி. ஒன்றின் சாவில் இன்னொன்று பிறக்கும். அப்பா செய்து கொடுத்த ஆறு கத்தியும் வெளிநாட்டுக் கத்திக்குச் சமமாக ஓடின.

அடுத்த ஆர்டர் நூற்றிருபது. கூடவே ஒரு மின்னஞ்சல்: உணவுப் பொருள் தணிக்கை இருக்கிறது, கத்தி என்ன எஃகு என்பதற்கு ஆலைச் சான்றிதழ் வேண்டும். தேய்ந்த பட்டைக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? அப்படித்தான் நான் செம்புதாஸ் தெருவுக்குப் போனேன்.

*

மெல்லிய எஃகு ஏன் இவ்வளவு பாடு என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். தகடுதானே, சேலத்தில் ஆலை இருக்கிறதே, போய் வாங்க வேண்டியதுதானே?

சேலத்தில் ஆலை இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகை உருட்டித் தகடாக்குகிறார்கள். பாத்திரம், சிங்க், ரயில் பெட்டி என்று போகிற ரகங்கள்தான் பெரும்பாலும். வளைத்தால் வளையும், அதுதான் அவற்றின் குணம். கத்திக்கு வேண்டியது வேறு குணம்.

சி75 என்பதில் எழுபத்தைந்து என்பது கரியின் அளவு, நூற்றுக்கு முக்கால் பங்கு. ஒரு கிலோ இரும்பில் ஏழரை கிராம். குழம்பில் உப்பு மாதிரிதான். ஒன்றிரண்டு கிராமாகக் குறைந்தால் அது ஜன்னல் கம்பி. கூடிக்கொண்டே போனால் கூர் நிற்கும், ஆனால் கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும். கரி ஏற ஏற இரும்பு மெலிய மறுக்கும். பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது ஓரளவுக்கு மேல் மெல்லியதாக்க முடியாது. அதன் பிறகு குளிர்ந்த நிலையில்தான் உருட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை உருளைக்குள் போனதும் இரும்பு விறைத்துக்கொள்ளும். மறுபடி உலையில் வைத்து இளக்க வேண்டும், மறுபடி உருட்ட வேண்டும். உலையில் காற்றுப் பட்டால் மேல்தோலில் இருக்கிற கரி எரிந்துபோகும். கனமான பொருளில் அந்தத் தோலைச் சீவி எறிந்துவிடலாம். மொத்தமே ஒரு மில்லிமீட்டர் என்றால் எதைச் சீவுவது?

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற ஆலைகள் ஸ்வீடனில், ஆஸ்திரியாவில், ஜெர்மனியில், ஜப்பானில் இருக்கின்றன. நம் நாட்டிலும் உண்டு. ஹரியானாவின் ஹிசாரில் சவர பிளேடுக்கான எஃகையே உருட்டுகிறார்கள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. ஆக, நாட்டில் தொழில்நுட்பம் இல்லை என்பதல்ல பிரச்சினை. நூற்றைம்பது கிலோவுக்கு ஆலை இயந்திரத்தைத் திருப்பமாட்டார்கள், அவ்வளவுதான். இறக்குமதி செய்யலாம் என்றால் எஃகுத் தரக்கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும், அல்லது இந்த ரகம் அந்தப் பட்டியலில் வராது என்று அமைச்சகத்தில் விண்ணப்பித்து விளக்கம் வாங்க வேண்டும். மட்டமான சரக்கைத் தடுக்கத்தான் அந்த ஆணை, நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஐயாயிரம் டன் இறக்குகிறவருக்கும் ஐநூறு கிலோ இறக்குகிறவருக்கும் அதே படிவம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

*

கடைசியில் ஒரு வியாபாரி கிடைத்தார். ஊர், பெயர் வேண்டாம். இரண்டடிக்கு நாலடி, இருபத்தைந்து தகடு, சான்றிதழோடு. ஹீட் நம்பர் வரை எல்லாம் இருந்தது. கார்பன் 0.76 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்த்த மாதிரி இருந்தது.

அப்பா சாணைக்கல்லைப் போட்டார். ஷட்டரைப் பாதி இறக்கி, மேல் தகட்டின் மூலையைக் கல்லில் வைத்தார். கரி உள்ள எஃகு கல்லில் பட்டால் தீப்பொறி கம்பி மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளை பிரியும். சாதா இரும்பில் நீளக் கோடாக ஓடி அணையும். "பூக்குது" என்பார் அப்பா. அன்றும் பூத்தது.

அடுத்த தகட்டை எடுக்கப் போனார். நான்தான் தடுத்தேன்.

"எல்லாம் ஒரே ஹீட்டுப்பா. பேப்பர்ல இருக்கு. மூலை மூலையாத் தேச்சா தகடு வீணாகும்."

"அது பேப்பர்ல இருக்கு பாப்பா."

"இருபத்தஞ்சையும் தேச்சுப் பாக்கப் போறீங்களா?"

கல்லை நிறுத்திவிட்டார். என் படிப்புக்கு அவர் கொடுத்த மரியாதை அது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மூன்று தகடு வெட்டினோம். துவைச்சலுக்குத் துவாக்குடியில் ஓர் உலைக்கு அனுப்பினோம். எண்ணூற்றுச் சொச்சம் டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் இறக்கி, பிறகு இருநூற்றைம்பதில் பதம் இளக்குவது. திரும்பி வந்ததில் இரண்டு கத்தியை ராக்வெல் சோதனை செய்தேன். 57, 58. இரண்டும் முதல் தகட்டிலிருந்து வெட்டியவை என்பதைக் கவனிக்கவில்லை.

பதினோராம் நாள் இரவு எட்டரைக்கு ஃபோர்மேன் அழைத்தார். கத்தியில் ஒரு பல்லைக் காணோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். கழற்றிய கத்தியைக் கையில் கொடுத்தார்கள். பல வரிசையில் நாலைந்து பல் நாய்வால் மாதிரி வளைந்திருந்தன. நடுவில் ஒன்று இல்லை. நல்ல எஃகு வளையாது. இது வளைந்து, எதிர்ப் பள்ளத்தில் உரசி, நிமிர்ந்து, மறுபடி வளைந்து, கடைசியில் ஒடிந்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். எந்தப் பாக்கெட்டுக்குள் போனது?

அது ஐந்து ரூபாய்ப் பாக்கெட். பெட்டிக்கடையில் தொங்குவது. யார் வாங்கித் தின்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஷிப்டில் போட்டது ஏறக்குறைய ஒன்பதாயிரம் பாக்கெட். நல்லவேளை, லாரி ஏறவில்லை. மேலாளர் திட்டவில்லை. "இதெல்லாம் பிரிக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். இரவு ஷிப்டுப் பெண்கள் பதினான்கு பேர், கூட நானும் தரையில் உட்கார்ந்தேன். கத்தரிக்கோலால் வெட்டி, பாக்கெட்டைக் கவிழ்த்து, கையால் அளைந்து தேடுவது. ஒரு மணி நேரத்தில் விரல் முழுக்க மிளகாய்த்தூள். மஞ்சள் நிற மிக்சருக்குள் மூன்று மில்லிமீட்டர் இரும்பைத் தேடினால் ஒவ்வொரு ஓமப்பொடியும் இரும்பாகத் தெரியும்.

அப்பா எங்கே போனார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வண்டியில் திரும்பி வந்தார். ஷெட்டில் கிடந்த பழைய ஸ்பீக்கர்களை உடைத்து நாலு காந்தம் கொண்டுவந்திருந்தார். பெரிய அலுமினியத் தட்டுக்கு அடியில் அவற்றை ஒட்டி, சாய்த்து வைத்து, "எல்லாத்தையும் இதுமேல கொட்டுங்கம்மா, மெதுவா" என்றார். மிக்சர் வழுக்கி ஓடும், இரும்பு நின்றுவிடும். வேலை நாலு மடங்கு வேகமானது. என் பக்கத்தில் இருந்த கீரனூர்க்கார அக்கா, "ஒங்க அப்பாவ மொதல்லயே கூட்டியாந்திருக்கலாம்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

மூன்றே முக்காலுக்குக் கிடைத்தது. தட்டின் நடுவில், ஒரு வேர்க்கடலைத் தோலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. யாரோ கைதட்டினார்கள். அப்பா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேலாளர் கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதி வைத்தார்.

அங்கேயே மீதிக் கத்திகளை அப்பா அரம் போட்டுப் பார்த்தார். துவைச்சல் ஏறிய கத்தியில் அரம் வழுக்கும், ஏறாததில் கடிக்கும். நூற்றிருபதில் முப்பத்தெட்டு கடித்தது. விடிந்ததும் ஷெட்டுக்கு வந்து மிச்சமிருந்த இருபத்திரண்டு தகட்டையும் கல்லில் வைத்தோம். நான் சாக்பீஸோடு நின்றேன். ஐந்து பூக்கவில்லை. வேறு ஏதோ காயிலில் மிஞ்சியதை எண்ணிக்கை சரிக்கட்டச் செருகியிருக்கிறார்கள். வியாபாரி, "ஒரே பண்டலாத்தாம்மா வந்துச்சு" என்றார். பிறகு ஐந்து தகட்டை மாற்றித் தந்தார். ஒன்பதாயிரம் பாக்கெட்டை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போனது.

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று மிச்சம் இருந்தது. அதே வெட்டில் பதினெட்டுக் கத்தியை வேறு இரண்டு இடத்துக்கும் கொடுத்திருந்தேன். அங்கே எதுவும் ஆகவில்லை. ஆகாமலும் போகலாம். "சொன்னா ரெண்டு பார்ட்டியும் போயிரும்" என்றார் எங்கள் கிரைண்டர் ஆள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். போன் செய்தேன். ஒருவர் கத்திகளைக் கூரியரில் திருப்பி அனுப்பினார், அத்தோடு அழைப்பதை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர், "நல்லாத்தானே ஓடுது, விடும்மா" என்றார். பஸ் ஏறிப் போய் நானே கழற்றி வாங்கிவந்தேன். அந்த ஆறில் மூன்று மெத்து.

*

எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை பொற்பனைக்கோட்டை. புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர். 2023ல் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்தது. சங்ககாலக் கோட்டை, இரும்பு உருக்கிய தடயங்கள் என்று செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரே வாரத்தில் பதினைந்து பேர் எனக்கு அனுப்பினார்கள், "உலகத்துக்கே எஃகு கொடுத்த இனம்" என்று. கொடுத்தோம்தான். கொடுமணலில் உலைகள் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து போன உருக்கை ஊட்ஸ் என்று பெயரிட்டு 1795ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து வாசித்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அதேபோல் செய்து பார்க்க முயன்று 1820ல் கட்டுரை வெளியிட்டார். கூடச் சேர்ந்து எழுதியவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அவர் கத்தி செய்கிறவர், அறுவை சிகிச்சைக் கத்திகள். எனக்கு ஃபாரடேயைவிட இவர்மேல்தான் பிரியம். நல்ல சரக்குக்காக அலைந்த ஆள்.

ஆனால் பெருமை பேசுகிறவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. அந்த உருக்கு கைக்கு அடக்கமான கட்டிகளாகப் போனது. ஒவ்வொரு கட்டியும் ஒவ்வொரு மூசையில் தனித்தனியாக உருக்கியது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கும் என்று எந்தச் சான்றிதழும் கிடையாது. வாங்கியவர்கள் உடைத்துப் பார்த்து, காய்ச்சிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொரு கதை ஜோசையா மார்ஷல் ஹீத்துடையது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்து இரும்புக்கல்லை நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டவர். அது ஓடவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டரக இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் காப்புரிமை வாசகத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து, காசு கொடுக்காமலே அதைச் செய்தார்கள். மனிதர் வழக்குப் போட்டே அழிந்தார். படித்தபோது எனக்கு வியாபாரியின் "ஒரே பண்டலாத்தாம்மா வந்துச்சு" ஞாபகம் வந்தது. சம்பந்தமில்லைதான்.

*

வழி ஒன்று கடைசியில் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஏலச்சீட்டு போடுகிறவர். "ஒருத்தரால முடியலன்னா நாலு பேராச் சேந்து வாங்குங்களேன்" என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டே.

சிவகாசியில் காகிதம் வெட்டும் கத்தி செய்கிற ஒருவர், திருப்பூரில் துணி வெட்டும் பிளேடு செய்கிற இரண்டு சகோதரர்கள், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் சீவுகிற கத்தி சாணை பிடிக்கிற ஒரு பாய், நாங்கள். ஒரு தொழிற்காட்சியில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே நோவு. அரை டன் சேர்ந்தால் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் ஐரோப்பியக் காயிலிலிருந்து பிளந்து, அசல் சான்றிதழோடு தர ஒத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முன்பணம் சீட்டு மாதிரி மாதாமாதம்.

சண்டை கனத்தில் வந்தது. எனக்கு ஒரு மில்லிமீட்டர். சிவகாசிக்காரருக்கு 1.2. திருப்பூர்க்காரர்களுக்கு முக்கால் இருந்தால் தேவலை. பாய்க்கு ஒன்று போதும், ஆனால் அகலம் வேண்டும். மூன்று மணி நேரம் கான்பரன்ஸ் காலில் பேசி, முதல் சுற்று ஒரு மில்லிமீட்டர், அடுத்தது 1.2, அதற்கடுத்தது முக்கால் என்று முடிவானது. தன் முறை வராத ஆறு மாதம் அவரவர் பழைய வழியில் சமாளிக்க வேண்டும். என் முறை வராதபோது என்ன செய்வது? முன்கூட்டியே கூடுதலாக வாங்கி, எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, தரையில் படாமல் பலகைமேல் வைக்கிறேன். புதுக்கோட்டை வெயிலுக்குத் துரு பயமில்லை. ஐப்பசி மழைக்கு உண்டு.

முதல் காயில் வந்து இறங்கிய அன்று சான்றிதழை மூன்று முறை படித்தேன். பிறகு நானே ஷட்டரைப் பாதி இறக்கினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை அறுவை முடிந்த பத்தாம் நாள், தூசு படக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி. காயிலின் வெளிமுனையை வெட்டிக் கல்லில் வைத்தேன்.

"பூக்குதா?" என்றார்.

"பூக்குதுப்பா."

"உள் முனையையும் வெட்டு."

காயிலைப் பிரிக்காமல் உள் முனையை எடுப்பது லேசான வேலையில்லை. பட்டையை அறுத்தால் சுருள் விரிந்து ஆளை அடிக்கும். கிரைண்டர் ஆளும் நானும் கிளாம்ப் போட்டு, சாக்கு போர்த்தி, ஒரு மணி நேரம் போராடி ஒரு விரல்கிடை வெட்டி எடுத்தோம். அப்பா கண்ணாடியைக் கழற்றப் போனார். "போடுங்கப்பா" என்று அதட்டினேன். கண்ணாடியோடே பார்த்தார்.

சிவகாசிக்காரர் இப்போது தன் 1.2 சுற்றை முன்னுக்கு மாற்றச் சொல்கிறார். அவருக்கு டைரி சீசன் நெருங்குகிறதாம். திருப்பூர் ஒத்துக்கொண்டது, பாய் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று ராத்திரி எட்டு மணிக்குப் பேசலாம் என்றிருக்கிறோம்.